சுக்குக் களத்துக்கு மேலே இரண்டு காற்றுகள்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய குடோன்களின் உள்முற்றத்தில் இஞ்சி காயும். சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெள்ளை பூத்த சுக்காகத் தரையில் பரப்பியிருப்பார்கள். பெண்கள் குனிந்து, கையால் கிளறிவிட்டுக்கொண்டே நகர்வார்கள். அந்தக் காரநெடி தெருவரைக்கும் வரும். இதில் ஒரு மழை எதிர்பாராமல் விழுந்தால் போதும், சரக்கில் பூசணம் ஏறிவிடும், விலை இறங்கிவிடும்.

பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் தோபிக்கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கின்றன. இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுகிறார்கள். கிளிப் கிடையாது. எவ்வளவு காற்றடித்தாலும் துணி பறக்காது. ஆனால் மழை வந்தால் அத்தனையையும் உருவி எடுத்தாக வேண்டும். இன்னும் கொஞ்சம் தள்ளித் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடலுக்குப் புறப்படும் துறை அது.

சுக்கு, சலவை, மீன் என்று தொழில் வேறாக இருந்தாலும், மூன்று இடத்திலும் பிழைப்பை முடிவு செய்வது தலைக்கு மேலே ஓடும் காற்றுதான். அந்தக் காற்றை இரவு பகலாக அளக்கும் வேலை, மட்டாஞ்சேரியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், களமசேரியில் நடக்கிறது. 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1986இல் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆன 'குசாட்' வளாகத்தில், வளிமண்டல ரேடார் ஆராய்ச்சிக்கான உயர்நிலை மையத்தின் கட்டடக் கூரையைப் பார்த்தால் விஷயம் புரியும். சுமார் 27 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் 619 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கின்றன. அந்தக் காலத்தில் தூர்தர்ஷன் பார்க்க மொட்டைமாடியில் கட்டினோமே, அதே யாகி ஆன்டெனா வகைதான். அது அடுத்த ஊர்க் கோபுரத்தைப் பார்த்தது. இது நேர் மேலே பார்க்கிறது.

2017 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்த இந்த ரேடார் 205 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. தரையிலிருந்து 315 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அடுக்கடுக்காகச் சொல்கிறது. இதை உருவாக்கித் தந்தது சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள டேட்டா பேட்டர்ன்ஸ் நிறுவனம். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கிய கருவி அல்ல இது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வெறும் காற்றில் பட்டு ரேடார் அலை எப்படித் திரும்பும்? விமானம் இல்லை, மழைத்துளிகூட இல்லை. ஆனால் காற்று ஒருபோதும் சீராக இருப்பதில்லை. வெப்பமும் ஈரமும் இடத்துக்கிடம் மாறி, சின்னச் சின்னச் சுழிகளாகப் புரண்டுகொண்டே இருக்கிறது. 205 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 146 சென்டிமீட்டர். அதில் பாதியளவு, அதாவது 73 சென்டிமீட்டர் அளவிலான சுழிகள் அந்த அலையில் மிகச் சிறிய பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. 15 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஒரு துடிப்புக்கு வரும் எதிரொலி காதில் விழாத முணுமுணுப்பு. ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பி, திரும்பி வருவதையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால்தான் இரைச்சலுக்குள்ளிருந்து காற்றின் குரல் மேலெழும். சுழி நம்மை நோக்கி வந்தால் அலைவரிசை இம்மியளவு கூடும், விலகினால் குறையும். அந்த வித்தியாசமே வேகம்.

இதற்காகக் கூரை அசைவதில்லை. ஒவ்வொரு ஆன்டெனாவும் அலையை விடும் நேரத்தை மிக நுணுக்கமாக முன்பின்னாக்கினால், கதிர் தானாகச் சாயும். நேர் மேலே ஒரு பார்வை, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று சாய்ந்த பார்வைகள். இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் காற்றின் முழுப்போக்கும் கிடைத்துவிடும். வானிலை பலூன் வழக்கமாகக் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் ஏறுகிறது. ஏறும்போதே காற்றோடு எங்கோ போய்விடுகிறது. ரேடார் இடத்தைவிட்டு நகராமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்க்கிறது.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1990களிலிருந்து இயங்கும் பெரிய ரேடாரும் இந்த வேலையைச் செய்கிறது. அதன் அலைவரிசை 53 மெகாஹெர்ட்ஸ். அதற்கு 1,024 ஆன்டெனாக்களும் 130 மீட்டருக்கு 130 மீட்டர் நிலமும் வேண்டியிருந்தன. அலைவரிசையை மிகவும் கூட்டினால் இடம் மிச்சம், ஆனால் உயரம் எட்டாது. மழையின் எதிரொலி காற்றின் எதிரொலியை மூழ்கடிக்கும். இரண்டுக்கும் நடுவே 205ஐத் தேர்ந்ததால், நெருக்கமான ஒரு நகரத்தின் கல்லூரிக் கூரையில் முழு மழைக்காலத்தையும் பார்க்க முடிகிறது.

கொச்சியின் வானத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நேரெதிரான இரண்டு பெருங்காற்றுகள் ஓடுகின்றன. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வருவது கீழ்நிலை வேகக்காற்று. நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்றின் பெரிய வடிவம் என்று கொள்ளலாம். அரபிக்கடலின் ஈரத்தை மலையில் கொண்டுவந்து மோதுவது இதுதான். பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பாய்வது இன்னொன்று. மேலேயுள்ளதை 1958இல் உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம். கீழேயுள்ளது தீபகற்பத்தின் மேல் ஓடுவதை 1966இல் எழுதியவர்கள் பி.வி. ஜோசப், பி.எல். ராமன். அந்த ஜோசப் பின்னாளில் இதே குசாட்டில் பேராசிரியராக இருந்தார். பலூன் தரவுகளைக் கையால் தொகுத்து அவர்கள் கண்டதை, இன்று அவருடைய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் திரையில் நேரடியாகப் பார்க்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இதைவிட நல்ல பரம்பரைச் சொத்து எனக்குத் தெரியவில்லை.

கேரளத்தில் பருவமழை தொடங்கியது என்று அறிவிப்பதற்கும் காற்றே சாட்சி. மே 10க்குப் பிறகு, குறித்து வைத்த 14 நிலையங்களில் 60 சதவீதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து 2.5 மில்லிமீட்டர் மழை பெய்தால் மட்டும் போதாது. மேல்காற்று நான்கு கிலோமீட்டருக்கும் மேலே தடித்து நிற்க வேண்டும். அந்தத் தடிமனை வாசலிலேயே நின்று அளக்கும் கருவியாகக் களமசேரி ரேடார் அமைந்திருக்கிறது.

குசாட்டின் வேலை காற்றோடு நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்தது நாள்கணக்கில் நின்று பெய்த மழை. அடுத்த வருடம் ஆகஸ்டு 8ஆம் தேதி வயநாட்டுப் புத்துமலையும் மலப்புரத்துக் கவளப்பாறையும் மண்ணுக்குள் போனது வேறு மாதிரி மழையால். குசாட்டின் எஸ். அபிலாஷும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தனியே பிரித்துக் காட்டியது. இரண்டு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டருக்கு மேல், பரந்த நிலப்பரப்பில் கொட்டிய மழை. மணிக்கு 10 சென்டிமீட்டர் என்ற வழக்கமான மேகவெடிப்பு வரையறைக்குள் அது வராது. ஆனால் ஊறிக்கிடக்கும் மலைச்சரிவுக்கு அதுவே போதும். மேற்குக் கடற்கரையின் மழைமேகங்கள் முன்பைவிட உயரமாக, இடிமேகத் தன்மையோடு வளர்கின்றன என்பது 2022இல் அவர்கள் சொன்னது. விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த பருவமழை, திடீரென்று கொட்டித் தீர்க்கும் குணத்துக்கு மாறுகிறது. சுக்குக் களத்துக்காரருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! சாயந்தரம் வரை பொறுக்கும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லும் அனுபவக் கணக்கு, அந்த வானமே மாறினால் செல்லாது.

ஒரு ரேடார் தன் தலைக்கு நேர் மேலே உள்ள தூணைத்தான் பார்க்கும். எந்தக் குடோனில் எத்தனை மணிக்கு மழை விழும் என்று அது சொல்லாது. வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார், செயற்கைக்கோள், கணினி மாதிரிகள் எல்லாவற்றோடும் சேர்ந்தால்தான் முன்னறிவிப்பு ஆகும். ஆன பிறகும் அது போய்ச் சேர வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, பல நாள் தங்கலுக்குக் கடலோடியிருந்த தூத்தூர்க்காரர்களிடம் எச்சரிக்கையைக் கேட்க வழியே இல்லை. அந்தப் புயலில் பலர் இறந்த பிறகே ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள் பேச்சுக்கு வந்தன. அறிவியலில் பாதிச் செலவு அளப்பதற்கென்றால், மீதிப் பாதி சொல்வதற்கு ஆக வேண்டும். இரண்டாவது பாதியை நம் அரசுகள் இன்னும் செலவாகவே எண்ணவில்லை என்பது என் ஆதங்கம்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதை அயல்வீட்டுச் செய்தியாக நினைக்க வேண்டாம். வயநாட்டில் பெய்வது கபினி வழியாக மேட்டூருக்கு வருகிறது. கொச்சிக்கு மேலே ஓடும் அதே மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் நுழைந்து நம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது, குற்றாலத்தில் சாரலாகிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கணவாயின் கிழக்கு வாயிலில் இதுபோல ஒரு காற்றளவு ரேடாரை அந்த மையமோ வேறு ஒரு பல்கலைக்கழகமோ நிறுவினால், மேற்கே நுழையும் காற்றையும் கிழக்கே இறங்கும் காற்றையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாளை எவ்வளவு காற்று மின்சாரம் வரும், எந்த அனல் உலையைக் குறைக்கலாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு அந்த ஒப்பீடு உடனே உதவும். கோடிகளில் செலவாகும்தான். கருவியைச் செய்யத் தெரிந்தவர்கள் சிறுசேரியிலேயே இருக்கிறார்கள்.