விளக்கெரியும் பலகை

விழுப்புரத்துக் கடைத்தெருவில், விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடையொன்றில், சென்ற கோடை விடுமுறையின்போது ஒரு பலகையைக் கண்டேன். வண்ணப் படங்கள் நிறைந்த பிளாஸ்டிக் பலகை. படத்தின்மீது விரலை வைத்து அழுத்தினால், அவ்விலங்கின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு குரல் கூறுகிறது. கேட்ட கேள்விக்குச் சரியான படத்தைத் தொட்டால் பச்சை விளக்கு எரிகிறது. இயற்கையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் கருவி என்று கடைக்காரர் புகழ்ந்தார். பனிக்கரடி இருந்தது, பென்குவின் இருந்தது, கங்காருவும் இருந்தது. பனைமரம் இல்லை. விழுப்புரத்தில் பேருந்து ஏறித் திண்டிவனம் போகும் குழந்தை சன்னலோரம் அமர்ந்து வழிநெடுகக் காண்பது பனைமரத்தையல்லவா?

அக்கருவியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தொட்டவுடன் பதில் சொல்லும் பலகைக்கு ஒரு தனி ஆற்றல் உண்டு. நோட்டில் எழுதிய விடை சரியா தவறா என்று அறிய, ஆசிரியர் திருத்தித் தரும்வரை குழந்தை காத்திருக்க வேண்டும். பலகையோ அக்கணமே சொல்லிவிடுகிறது. விடை தவறினால் யாரும் சிரிப்பதில்லை. விளக்கு எரியாது, அவ்வளவுதான். வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளைகள்கூட இதன்முன் பத்து முறை முயல்வார்கள். ஆகவே பலகை நல்லதே. அதில் எழுதப்படும் கேள்விகள் எந்த ஊருடையவை என்பதே நம் கவலை.

நம் ஊர்க் கேள்விகளைக் கேட்கும் பலகையை நாமே செய்துகொள்ளலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தடித்த அட்டை அல்லது மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றை எடுத்து, இடப்பக்கம் பத்துக் கேள்விகளையும், வலப்பக்கம் வரிசையை மாற்றிப் பத்து விடைகளையும் எழுதவேண்டும். ஒவ்வொன்றின் அருகிலும் துளையிட்டுச் சிறு போல்ட்டு ஒன்றை முடுக்கவேண்டும். பலகையின் பின்புறத்தில், கேள்வியின் போல்ட்டையும் அதற்குரிய விடையின் போல்ட்டையும் உறையிட்ட கம்பியால் இணைக்கவேண்டும். பிறகு இரண்டு பேட்டரிக் கட்டைகளும் ஒரு டார்ச்சு பல்பும் போதும். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஒரு நீண்ட கம்பி. மறுமுனையிலிருந்து பல்பின் வழியாக இன்னொரு கம்பி. ஒன்றைக் கேள்வியிலும் மற்றதைச் சரியான விடையிலும் வைத்தால் மின்சுற்று முழுமையடைந்து பல்பு எரியும். இரண்டு பேட்டரிக் கட்டைகளின் மின்சாரம் என்பதால் குழந்தைகள் அஞ்சாமல் தொடலாம்.

கேள்விகளுக்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மரக்காணத்தை அடுத்துள்ள கழுவெளி ஒன்றே போதும். தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய ஏரி இது. மேற்கேயுள்ள ஊர் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இதில் வந்து சேர, ஓடை வழியாகக் கடல்நீரும் இதில் கலக்கிறது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் பறவைகள் இங்கே வந்து தங்குகின்றன. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. திண்டிவனத்தில் வாழும் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருக்கும்? வேடந்தாங்கலுக்குப் போனவர்கள் இருப்பார்கள்.

பூநாரை ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது? அது உண்ணும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறப்பொருளால். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து இரையை வடிகட்டும் பறவை எது? அதுவும் பூநாரையே. அலகின் கீழ்ப் பையால் மீனை அள்ளுவது எது? கூழைக்கடா. பனையோலையில் தொங்கும் கூட்டை முடைவது யார்? தூக்கணாங்குருவி. மயிலத்துக்கு அப்பால் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களின் வயது என்ன? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். பனிக்கரடியைவிட இவை எந்த வகையில் சுவை குறைந்தவை?

இப்பலகையில் ஒரு குறை உண்டு. மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் விளையாடியதும், மூன்றாவது கேள்விக்கு ஏழாவது போல்ட்டு என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். விடையைப் படிக்கவே மாட்டார்கள். விளக்கு எரியும், அறிவில் ஒன்றும் ஏறாது. இதற்கு மருந்து, பலகையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது. வாரம் ஒருமுறை தாளை மாற்றிப் புதிய கேள்வி எழுதி, கம்பிகளையும் அவர்களே மாற்றிக் கட்டட்டும். கேள்வி எழுதும் பிள்ளை, பதில் சொல்லும் பிள்ளையைவிட இருமடங்கு கற்கிறது. மறைக்கல்வி வகுப்பு நடத்துவோர் இதை எளிதில் ஒப்புக்கொள்வர்.

அவ்வகுப்பைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், சுற்றுச்சூழலைக் கற்பிக்கத்தக்க இடங்களைக் கூறும்போது பள்ளியையும் ஊடகங்களையும் மட்டும் சொல்லவில்லை. குடும்பத்தையும் மறைக்கல்வியையும் சேர்த்தே சொல்கிறார். சுற்றுச்சூழலைப் பாடத்தில் சேர்க்கவேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே பணித்தது. பாடநூலில் அது வந்தும்விட்டது. வீட்டுக்குள் வந்ததா என்பதுதான் கேள்வி.

விளக்குப் பலகையால் இயலாததும் ஒன்று உண்டு. ஒரு செயலின் விளைவு வெகுநாள் கழித்து, வேறோர் இடத்தில் தோன்றுவதை அது காட்டாது. அதற்கு நம் பாட்டிமார் விளையாடிய பரமபதமே ஏற்றது. ஏணிக்கும் பாம்புக்கும் நம் ஊர்ச் செய்திகளை எழுதலாம். வரத்து வாய்க்காலைத் தூர்த்த கட்டத்தில் பாம்பின் தலை இருக்கட்டும். வால் எங்கே முடியும்? சித்திரை மாதத்தில் வற்றிப்போன கிணற்றில். பங்குத் திருவிழாவுக்கு மறுநாள் கோயில் மைதானத்தில் கிடக்கும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளில் ஒரு தலை (2019 சனவரி முதல் அவற்றுக்குத் தடை இருந்தும் அவை எப்படியோ வந்துவிடுகின்றன). அதன் வால், குப்பை மேயும் பசுவின் வயிற்றில். வாலை எங்கே வரைவது என்று பிள்ளைகள் வாதிடும்போது பெரியவர்கள் குறுக்கிடாமல் இருப்பது நல்லது.

மரக்காணம் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் அத்தகைய வாதத்தை நானே கேட்டேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி விளக்குப் பலகை செய்துகொண்டிருந்தாள். ‘ஐப்பசி மழை நல்லதா, கெட்டதா?’ என்பது அவள் எழுதிய கேள்வி. ‘நல்லது’ என்னும் விடைக்குக் கம்பி கட்டப்போனாள். மழை வந்தால் ஏரி நிறையும், பறவை வரும், நெல் விளையும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். உப்பளத்தில் உழைத்து முதுமையடைந்த அவளுடைய தாத்தா திண்ணையிலிருந்து கேட்டார்:

“மழை வந்தா உப்பளத்துல வேலை ஏது கண்ணு? அந்த மாசமெல்லாம் நம்ம வீட்டுல என்ன கஷ்டம்னு உங்க அப்பாவைக் கேளு.”

சிறுமி திகைத்துப்போனாள். “அப்போ எதுக்குத் தாத்தா கம்பி கட்டுறது?”

முதியவர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். சற்று யோசித்துவிட்டு, மீதமிருந்த கம்பியில் இன்னொரு துண்டைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தார். அந்தக் கேள்வியின் போல்ட்டிலிருந்து இப்போது இரண்டு கம்பிகள் போகின்றன. எந்த விடையைத் தொட்டாலும் விளக்கு எரிகிறது. பார்க்க வருபவர்கள் பலகை பழுதாகிவிட்டது என்கிறார்கள். ஏன் பழுதில்லை என்று அவள் அவர்களை உட்காரவைத்துச் சொல்கிறாள்.