இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்

திருப்பூரில் கைதேர்ந்த செக்கர் துணியைத் தடவிப் பார்த்தே ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது) சொல்லிவிடுவார். ஆனாலும் பையருக்கு அது போதாது. கட்டரால் வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தாக வேண்டும். மூளைக்கட்டி மருத்துவத்தில் அந்தத் தராசு வேலைக்குத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு பழகிவருகிறது.

மூளைக்கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதுவானது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. சிறிதாக, தொந்தரவின்றி இருந்தால் மருத்துவர் உடனே கத்தியை எடுப்பதில்லை. இடைவெளி விட்டு எம்ஆர்ஐ எடுத்து, போன தடவையைவிட வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

கண் ஏமாறுவது இங்கேதான். 20 மி.மீ. குறுக்களவுள்ள உருண்டைக் கட்டி 22 மி.மீ. ஆனால், படத்தில் கூடியது இரண்டே மில்லிமீட்டர். கன அளவோ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும்!

கன அளவு தெரிய, கட்டியின் ஓரத்தை வரைய வேண்டும். எம்ஆர்ஐ தலையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிறது, கட்டிங் டேபிளில் லே போட்ட துணி மாதிரி. ஆனால் இங்கே அடுக்குக்கு அடுக்கு பேட்டர்ன் மாறும். கையால் வரைந்தால் நேரம் போகும். இருவர் வரைந்தால் இரண்டு விதமாக வரும்.

2015-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் உருவான 'யூ-நெட்' வகை மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நிபுணர்கள் ஓரம் வரைந்த படங்களோடு தன் கோட்டை ஒப்பிட்டு, பிசகிய இடத்தைத் திருத்தித் திருத்தியே மென்பொருள் பழகுகிறது. மூளைக்கட்டிப் படங்களுக்கென 2012 முதல் நடக்கும் 'பிராட்ஸ்' போட்டியில் மெனிஞ்சியோமா 2023-ல்தான் சேர்ந்தது.

ஓரம் வரைவது இருக்கட்டும், கட்டியின் இடத்தை அறிவதே ஒரு காலத்தில் சிரமம். 1949-ல் வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய காலத்தில் ஸ்கேனே கிடையாது. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி, எக்ஸ்ரே எடுத்து, அறைகள் நகர்ந்திருப்பதை வைத்துக் கட்டியின் இடத்தை ஊகிப்பது அன்றைய வழக்கம்.

இன்றைய மென்பொருளுக்கும் தடுமாற்றம் உண்டு. பழகாத எம்ஆர்ஐ மெஷினின் படத்தில் கோடு விலகலாம். மண்டையோட்டின் அடியில் நரம்புகளோடு ஒட்டிய கட்டி என்றால் நிபுணருக்கே ஓரம் குழப்பும். ஆகவே கோட்டைச் சரிபார்ப்பது கதிரியக்க மருத்துவர். அறுவையா, கதிர்வீச்சா, காத்திருப்பா என்பது வயதும் அறிகுறியும் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அப்ரூவல் சாம்பிளைப் பத்திரப்படுத்துவதுபோல் பழைய ஸ்கேன் சிடியை வைத்திருக்க வேண்டும். ஒப்பிட அது இல்லையென்றால், எந்த மென்பொருளாலும் வளர்ச்சியைச் சொல்ல முடியாது.