மயிலாடியில் கல்லும் கல்வியும்

தமிழில் 'கல்' என்னும் சொல் பெயராக நின்றால் பாறையைக் குறிக்கும். ஏவலாக நின்றால் 'படி' என்று பொருள்படும். இவ்விரு பொருளும் ஒரே தெருவில் உலவக் காணும் ஊர் ஒன்று நாஞ்சில் நாட்டில் உண்டு. சுசீந்திரத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கும் குன்றுகளுக்கும் இடையே அமைந்துள்ள மயிலாடியே அவ்வூர். உளியோசை வழி காட்ட, சாலையோரத்துப் பட்டறைகளை நாம் எளிதில் கண்டுகொள்ளலாம். பாதி உருவெடுத்த நந்தி ஒருபுறம், தலை மட்டும் தோன்றிய தேவி ஒருபுறம், இவற்றுக்கு நடுவே அம்மியும் ஆட்டுக்கல்லும்! உயர்ந்த கலை, எளிய கைத்தொழில் என்று நாம் ஏட்டில் பிரித்து வைத்திருக்கிறோம். அப்பிரிவினை மயிலாடியில் செல்லுபடியாவதில்லை.

கவின்கலையைக் கற்க விரும்பும் மாணவன் எங்கே செல்வது? பட்டறைக்கா, கல்லூரிக்கா? இவ்வினாவை மயிலாடியை முன்வைத்து ஆராய்வோம்.

பட்டறைக்கு வரும் இளைஞனிடம் முதல் நாளே சிலை செதுக்கும் வேலையைத் தரமாட்டார்கள். கருங்கல்லில் சில நாழிகை வேலை செய்தாலே உளி மழுங்கிவிடும். அதனை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்து எடுக்கவேண்டும். தோய்த்தல் மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். எந்த நிறத்தில் காய்ந்திருக்கும்போது இரும்பை நீரில் இடவேண்டும் என்பதைக் கண்தான் பழகியறிய வேண்டும். இதற்கு அடுத்த படி கல்லைச் சதுரிப்பது; ஒரு முகத்தைச் சமதளமாக்கக் கற்றவனுக்கே மறு முகம் வரும். பின்னர்ப் பீடத்துத் தாமரையிதழ், அதன் பின்னரே கையும் காலும். முகம் கடைசியில்தான். இவ்வரிசையில் ஒரு நியாயம் உண்டு. களிமண்ணில் உருவம் செய்பவன் மண்ணை அப்பி அப்பி வளர்க்கிறான். மிகையானால் வழித்தெடுக்கலாம், குறைந்தால் மீண்டும் சேர்க்கலாம். கற்சிற்பியோ நீக்குவதொன்றே அறிவான். மூக்கின் நுனியில் அரைக்கால் விரற்கடை அதிகமாகப் பெயர்ந்துவிட்டால் அதனை ஒட்டவைக்க வழியில்லை. அதனால்தான் பிழை பொறுக்கும் இடத்தில் தொடங்கி, பிழை பொறாத இடத்தில் முடிக்கிறார்கள்.

கல்லைத் தேர்வதும் ஒரு பாடமே. சிற்ப நூல்கள் கல்லைத் தட்டி ஓசை கேட்கச் சொல்கின்றன. வெண்கல மணிபோல் ஒலிப்பது ஆண்கல். தாளம்போல் ஒலிப்பது பெண்கல். ஒலி எழாதது மூன்றாம் வகை, அது தளத்துக்கும் அடித்தளத்துக்கும் உரியது. ஆண் தெய்வத்துக்கு ஆண்கல், பெண் தெய்வத்துக்குப் பெண்கல் என்பது மரபு. இதனை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டா. உள்ளே வெடிப்போ இளகிய பகுதியோ இருப்பின் அதிர்வு தடைப்பட்டு ஓசை மந்தமாகும். ஒருசீரான கல்லே நன்கு ஒலிக்கும். அருகிலுள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த மெல்லிய தூண்கள் வெவ்வேறு சுரம் எழுப்புவதைக் கேட்டவர்கள், கல்லின் ஓசையை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்று வியப்பார்கள்.

அடுத்து, அளவு. மாணவர்கள் இங்கே சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். சிற்பியின் அங்குலம் நம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. சிவன், திருமால் போன்ற தெய்வங்களின் உருவை 'உத்தம தச தாலம்' என்னும் முறையில் அமைப்பர். செய்யவேண்டிய சிலையின் உயரத்தை 124 பங்காக்கினால், ஒரு பங்கே அச்சிலைக்குரிய அங்குலம். சிலை 124 சென்டிமீட்டர் உயரமாயின் அதன் அங்குலம் ஒரு சென்டிமீட்டர். 248 சென்டிமீட்டராயின் இரண்டு சென்டிமீட்டர். உறுப்புகள் அனைத்தும் இந்த அங்குலத்திலேயே கணக்கிடப்படுவதால், உள்ளங்கையில் அடங்கும் உருவமும் கோபுரம்போல் நிமிரும் உருவமும் ஒரே விகிதத்தில் அமைகின்றன. தேவியர்க்கு 120 அங்குலம் கொண்ட மத்திம தச தாலம். ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் வருவது யவை, அதாவது வாற்கோதுமை மணி. சதுரித்த கல்லின் நடுவே முதலில் ஒரு நேர்கோடு இழுத்து, அதற்கு இருபுறமும் இவ்வளவுகளைக் குறித்த பின்னரே உளி இறங்கும்.

இக்கணக்கின் பெரும்பயனைக் காணக் கன்னியாகுமரிக்குச் செல்லலாம். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு 133 அடி உயரமுடையது. குறளின் அதிகாரங்கள் 133 அல்லவா? அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம். பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு 95 அடி உருவம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அப்பாறையில் மோதியபோதும் சிலை அசையாமல் நின்றது. இதனை வடிவமைத்தவர் கணபதி ஸ்தபதி. அவர் வழிவழியாக வந்த சிற்பக் குடும்பத்தில் பிறந்து தந்தையிடம் தொழில் பயின்றவர். அரசின் சிற்பக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டு பணியாற்றியவரும் அவரே. ஆகவே, பட்டறை பெரிதா கல்லூரி பெரிதா என்று வாதிடுவோர் இருவரும் அவரைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைக்கலாம்.

அக்கல்லூரி மாமல்லபுரத்தில் உள்ளது. குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பரில். அதற்கு மறு ஆண்டே, 1957-இல், மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றியது. பின்னர் அது பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்தது. கல், உலோகம், சுதை, மரம் ஆகியவற்றில் சிற்பமும் கோயிற் கட்டடக் கலையும் அங்கே பயிற்றப்படுகின்றன. சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் வரலாறு வேறு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. 1929-இல் அதன் தலைமையை ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையை மெரினாவில் காணலாம். மனிதர் சிலரின் தசைமுறுக்கையும் மூச்சுத் திணறலையும் நேரில் கண்டு வடித்த உருவம் அது. தால அளவில் அடங்காது. மாணவன் இவ்விரு நெறிகளையும் அறிந்திருப்பது நல்லது.

கல்லூரி செய்த நன்மைகளுள் தலையாயது ஒன்றுண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று வந்த கலையின் கதவை, சிற்பி வீட்டில் பிறவாதவர்க்கும் பெண்களுக்கும் அது திறந்துவிட்டது. மேலும் அங்கே வடமொழி நூல்களின் சூத்திரம், வரைபடம், வரலாறு ஆகியவற்றுக்கும் இடமுண்டு. ஆயின் பாட நேரம் மணியடித்தால் முடிந்துவிடும். பட்டறை நேரம் வேலை முடிந்தால்தான் முடியும். பத்தாண்டு உளி பிடித்த மயிலாடி இளைஞனின் கைக்கு, புதிதாய்ப் பட்டம் பெற்றவர் கை ஈடாகுமென்று நான் கருதவில்லை. ஆனால் பதவிக்கு விண்ணப்பம் கோரும் அலுவலகம் கையைப் பார்ப்பதில்லை, சான்றிதழைப் பார்க்கிறது. பட்டறையில் கற்றவனிடம் அது இல்லை. நல்ல சிற்பிகளின் பிள்ளைகளே தொழிலை விட்டு விலகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

இதற்கு இடைவழி உண்டு. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய இளநிலைக் கல்லூரியிலிருந்து வளர்ந்தது 'சமுதாயக் கல்லூரி' என்னும் அமைப்பு. உள்ளூர் மக்களுக்கு, உள்ளூரின் தொழிலை, குறைந்த செலவில், வேலை பார்த்துக்கொண்டே கற்க வாய்ப்பளிப்பது அதன் நோக்கம். நம் நாட்டிலும் அத்தகைய கல்லூரிகள் தோன்றியுள்ளன. மயிலாடி போன்ற ஊரில் கைவேலைக்குப் பட்டறையையே வகுப்பாகவும், மூத்த சிற்பியையே ஆசிரியராகவும் ஏற்று, ஓவியமும் வடிவக் கணிதமும் நூலறிவும் மட்டும் மாலையில் சேர்த்துக் கற்பித்துச் சான்று வழங்கினால், கையும் ஏடும் ஓரிடத்தில் கூடும். புதுக் கட்டடம்கூட அதிகம் வேண்டியதில்லை.

அவ்வகுப்பின் முதற்பாடமாக நான் வைப்பது தால அளவை அன்று, தூசியை. மின்சார அறுவைச் சக்கரம் வந்தபின் நாட்கணக்கில் ஆகும் வேலை மணிக்கணக்கில் முடிகிறது. உளி தெறிக்கவைப்பது பெரும்பாலும் சில்லு. சக்கரம் எழுப்புவதோ கண்ணுக்குப் புலப்படாத நுண்பொடி. கருங்கல்லில் உள்ள சிலிக்காப் பொடி நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அதனைத் தழும்பேறச் செய்கிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் ஆண்டுகள் கடந்தே வெளிப்படும்; வந்தபின் தழும்பை மாற்ற மருந்தில்லை. வாயில் துணி கட்டிக்கொள்வது போதாது. கல்லின்மேல் நீர் சொரிந்துகொண்டே அறுக்கவேண்டும். நுண்பொடியைத் தடுக்கும் தகுந்த முகக்கவசம் அணியவேண்டும். காற்றோட்டமுள்ள திறந்த கொட்டகையில், காற்று வரும் திசையில் அமர்ந்து வேலை செய்யவேண்டும். பட்டறையைப் பார்க்கச் செல்லும் மாணவர்களும் சக்கரம் சுழலும் நேரத்தில் தள்ளி நில்லுங்கள். அது நின்று, உளி தொடங்கியபின் அருகே சென்று பார்க்கலாம். நுண்வேலை தொடங்குவதும் அப்பொழுதுதான்.