படம் வரையறதுக்கு நாலு வருசமா?



"படம் வரையறதுக்கு எதுக்கு கண்ணு நாலு வருசம்?" பிளஸ் டூ முடித்த என் தங்கை ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்றதும் எங்கள் அப்பா கேட்டது இது. அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் டிப்ளமாவே மூன்று வருடம்தானே! டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிக்கும் எனக்கும் பதில் தெரியவில்லை. நல்லவேளை, நான் இன்பிளான்ட் டிரெயினிங் போன பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் போடும் அண்ணன், சென்னையில் பி.எஃப்.ஏ. படித்தவர். டீ டைமில் எல்லாம் அவரைப் பிடித்து வைத்துக் கேட்டதையும், பிறகு நான் படித்ததையும் எழுதுகிறேன்.

சென்னை பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் கதை 1850-ல் தொடங்குகிறது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். சில வருடங்களிலேயே அது அரசின் தொழிற்கலைப் பள்ளி ஆகிவிட்டது. ஆக, ஒரு வகையில் அது நம்ம பாலிடெக்னிக்குக்கே தாத்தா முறை! மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்களே, அதைச் செய்த ராய் சௌத்ரி இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கே ஓவியம், சிற்பம் மட்டும் இல்லை. செராமிக் உண்டு, துணி வடிவமைப்பும் உண்டு. ஆமாம், துணிதான். திருப்பூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது.

சரி, என்னதான் சொல்லித் தருகிறார்கள்? ஆரம்பத்தில் வரையவே சொல்லித் தருவதில்லையாம், பார்க்கத்தான் சொல்லித் தருகிறார்களாம். ஒரு பானை, ஒரு மடித்த துணி, இரண்டு எலுமிச்சம்பழம் முன்னால் இருக்கும். நாள் முழுக்க அதையே வரைய வேண்டும். "துணின்னா கோடு கோடா மடிப்புப் போடுவோம்ல, அது நம்ம மனசுல இருக்கற துணி தம்பி. எதுக்க இருக்கற துணி வேற" என்றார் அண்ணன். காட்டன் மடிவது வேறு, பட்டு மடிவது வேறு. ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே கரைகிறது என்று பழகியபின் மனித உருவம். எலும்பும் தசையும் உடம்பில் எங்கே இருக்கின்றன என்றுகூடப் படிக்கிறார்கள்.

அடுத்து நிறம். இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கோப்லான் என்ற சித்திரத் திரை நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் இருந்தார். கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் கோளாறே இல்லை! பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்பதை 1839-ல் அவர் புத்தகமாகவே போட்டார். அதை இன்றைக்கும் ஓவிய மாணவர்கள் ஒரே சாம்பல் நிறத்தைச் சிவப்பின் மேலும் பச்சையின் மேலும் ஒட்டிப் பார்த்துப் படிக்கிறார்கள். நம் லேபில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஷேடு சரி என்று சொல்லும். பையர் சாம்பிளைப் பார்த்துவிட்டு "கலர் டல்லா இருக்கு" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதிப்போவியம் என்று ஒரு பாடம். மரத்தில் செதுக்கி மை தடவி அச்செடுப்பது. நிறத்துக்கு ஒரு கட்டை. ஒன்றின்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் உட்கார வேண்டும். நம் ஊர் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் இதே கதைதானே! ஆறு நிறம் என்றால் ஆறு ஸ்கிரீன். மஞ்சள்மேல் நீலத்தை ஏற்றிப் பச்சை வரவைத்தால் ஒரு ஸ்கிரீன் மிச்சம். அண்ணனுக்குக் கம்பெனியில் மரியாதை இதனால்தான்.

கலை வரலாறும் உண்டு: சித்தன்னவாசல், அஜந்தா, சோழர் செப்புச் சிலை என்று நீளும். அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியர்கள் துணியில் பாத்திக் வேலை செய்து விற்ற பணம் அதற்குக் கை கொடுத்தது. "வயித்துப் பொழப்புக்கு என்ன பண்ணுவ?" என்ற அப்பாவின் அடுத்த கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் திட்டவும் இல்லை.

ஓவிய ஆசிரியர் ஆவது வேறு வழி. டெல்லி ஜாமியா மில்லியாவில் கலைக் கல்விக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. அந்தப் படிப்புகளில் குழந்தை எந்த வயதில் எப்படி வரையும் என்பது முக்கியமான பாடம். வீட்டை வரைந்து சுவருக்குள்ளே சமைக்கும் அம்மாவையும் காட்டுவது தப்பல்ல, அது ஒரு வளர்ச்சிப் படி. அதை அழிக்கச் சொல்லக் கூடாது. எனக்கு மூன்றாம் வகுப்பில் இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

விருப்பமுள்ளவர்களுக்கு: சென்னை போலவே கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் 2013-ல் அமைந்த தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பாரம்பரியச் சிற்பம் என்றால் மாமல்லபுரம். மார்க் ஷீட் மட்டும் போதாது. உட்கார வைத்து வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். தங்கை இப்போது தினமும் அப்பாவின் தையல் மிஷினை வரைந்துகொண்டிருக்கிறாள். ஊசிக்குக் கீழே துணி நகரும் இடம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்கிறாள்.