சிறு சரக்கு வண்டிகளில் டயர் அளவும் கியர் விகிதமும்

சிறு சரக்கு வண்டியின் (பிக்கப் வண்டி) இழுவை, வேகம், எரிபொருள் செலவு, பிரேக் பிடிக்கும் திறன் ஆகியவை எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பொறுத்தவை அல்ல. எஞ்சின் தரும் முறுக்குவிசை கியர்பெட்டி, கிரௌன்–பினியன், டயர் என்ற மூன்று கட்டங்களைக் கடந்த பிறகே சாலையைத் தள்ளும் விசையாகிறது. இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி டயர். எனவே டயரின் விட்டத்தை மாற்றுவது, கியர் விகிதத்தை மாற்றுவதற்குச் சமமாகும்.

திருமுடிவாக்கத்தின் சூழல்

திருமுடிவாக்கம் சென்னையின் தென்மேற்குப் புறநகரில், குன்றத்தூருக்கு அருகில் உள்ளது. தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் (சிட்கோ) தொழிற்பேட்டை இங்கு அமைந்துள்ளது. இதுபோன்ற பேட்டைகளில் சிறு பட்டறைகளுக்கு இரும்புக் கம்பி, தகடு, வார்ப்புகள் முதலியவற்றைக் கொண்டுவருவதும், முடிந்த உதிரிபாகங்களை அம்பத்தூர், ஒரகடம், திருப்பெரும்புதூர் போன்ற இடங்களுக்கு எடுத்துச்செல்வதும் பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகளே.

இவ்வண்டிகள் ஒரே நாளில் இருவகைச் சாலைகளில் ஓட வேண்டியுள்ளது. பேட்டைத் தெருக்களிலும் குன்றத்தூர், பல்லாவரம் நெரிசலிலும் முழுச் சுமையுடன் நின்று நின்று புறப்பட வேண்டும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலையிலோ நிலையான வேகத்தில் ஓட வேண்டும். முதல் வகைக்கு அதிக இழுவையும் இரண்டாம் வகைக்குக் குறைந்த எஞ்சின் சுழற்சியும் தேவை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். டயர், கியர் தேர்வில் உள்ள சிக்கல் இதுவே.

டயர் அளவைப் படித்தல்

டயரின் பக்கவாட்டில் 215/75 R15 என்று அச்சிடப்பட்டிருந்தால், 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதன்படி பக்கச்சுவரின் உயரம் சுமார் 161 மி.மீ.; ரிம்மின் விட்டம் 381 மி.மீ.; டயரின் மொத்த விட்டம் சுமார் 703 மி.மீ. ஆகும். அளவுக்குப் பின் வரும் எல்.டி. என்ற குறி இலகுரகச் சரக்கு வண்டிக்கானது என்பதையும், 8 பி.ஆர். போன்ற குறி டயரின் சுமைதாங்கும் வலுவையும் காட்டும்.

பெரிய டயர் பொருத்தும்போது

இந்த 215/75 R15 டயரை எடுத்துவிட்டு 235/75 R15 பொருத்தினால் விட்டம் சுமார் 733 மி.மீ. ஆகிறது. வேறுபாடு 30 மி.மீ. மட்டுமே, விழுக்காட்டில் 4.3. இச்சிறு வேறுபாட்டின் விளைவைக் கீழ்க்காணும் கணக்கு விளக்கும்.

எஞ்சினின் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 4, கிரௌன்–பினியன் விகிதம் 4 என்று கொள்வோம். உராய்வு இழப்பைக் கழிக்காமல் பார்த்தால், பின்சக்கர அச்சில் கிடைக்கும் முறுக்குவிசை 200 × 4 × 4 = 3,200 நியூட்டன் மீட்டர். இதை டயரின் ஆரத்தால் வகுத்தால் சாலையைத் தள்ளும் விசை கிடைக்கும். பழைய டயரில் அது சுமார் 9,100 நியூட்டன்; பெரிய டயரில் சுமார் 8,725 நியூட்டன். எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாமலே இழுவை 4 விழுக்காடு குறைகிறது. புறப்படும்போது வண்டியை நகர்த்த கிளட்ச் கூடுதல் நேரம் நழுவ வேண்டியிருப்பதால் கிளட்ச் தட்டு விரைவில் தேயும்.

நேர்விகிதமான (1:1) நான்காம் கியரில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது பழைய டயரில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 1,508 முறை சுற்றும். பெரிய டயரில் சுமார் 1,447 முறை மட்டுமே. வெற்று வண்டிக்கு இது நன்மை. ஆனால் சுமையேற்றிய வண்டி மேம்பாலம் ஏறும்போது சுழற்சி மேலும் குறைந்து, எஞ்சின் நல்ல முறுக்குவிசை தரும் எல்லைக்குக் கீழே விழுந்துவிடும். அப்போது ஓட்டுநர் முன்பைவிடச் சீக்கிரமாக மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டும். மிச்சமாகும் என்று எதிர்பார்த்த டீசல் அங்கே செலவாகிவிடும்.

வேறு சில விளைவுகளும் உண்டு:

* வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும். முள் 60-இல் இருக்கும்போது வண்டி 62.6 கி.மீ. வேகத்தில் ஓடும்.
* தூரமானியும் குறைத்தே பதிவு செய்யும். 100 கி.மீ. ஓடிய வண்டி 96 கி.மீ. என்று காட்டும். ஆகவே மைலேஜ் கணக்கிடுபவருக்கு, உண்மையில் குறையாவிட்டாலும் குறைந்ததுபோல் தோன்றும்.
* பிரேக் அமைப்பு மாறாததால், அதே மிதி அழுத்தத்திற்குக் கிடைக்கும் தடுப்பு விசையும் சுமார் 4 விழுக்காடு குறையும்.
* தரையிலிருந்து அச்சின் உயரம் கூடுவது விட்டத்தின் கூடுதலில் பாதி, அதாவது 15 மி.மீ. மட்டுமே. மழைநீர் தேங்கும் சாலைக்காகப் பெரிய டயர் போடுபவர் பெறும் பயன் இவ்வளவே.

சிறிய டயரின் பயன்

விட்டம் குறைந்தால் இவையனைத்தும் தலைகீழாகும்: இழுவை கூடும், எஞ்சின் சுழற்சி கூடும், உச்ச வேகம் குறையும். 2005-இல் வெளிவந்த டாட்டா ஏஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் 'குட்டி யானை' எனப்படும் இவ்வண்டியின் முதல் வடிவத்தில் 702 சி.சி. கொள்ளளவும் 16 குதிரைத்திறனும் கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினே இருந்தது. 12 அங்குல ரிம்மில் சிறிய டயரும் அதற்கேற்ற கியர் விகிதங்களும் அமைந்ததால், அந்தச் சிறு எஞ்சினாலேயே முக்கால் டன் சுமையை இழுக்க முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை, மணிக்கு 65 கி.மீ. அளவில் நின்ற உச்ச வேகம். சிறிய சக்கரம் சாலைக் குழிகளில் கூடுதலாக அதிரும் என்பதும் இதன் குறையே.

டயர் தேய்வதும் விட்டத்தைக் குறைக்கும். தடவரியின் ஆழம் 8 மி.மீ.-இலிருந்து 2 மி.மீ. ஆகும்போது விட்டம் 12 மி.மீ. குறைகிறது. தேய்ந்த டயரில் தூரமானி சற்றுக் கூடுதலாகப் பதிவு செய்வதால் மைலேஜ் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஈரச் சாலையில் அதன் பிடிமானம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

கிரௌன்–பினியன் விகிதம்

கிரௌனில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.1 ஆகும். இவ்வெண் பெரிதானால் இழுவை கூடும். சிறிதானால் அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி குறையும். பெரிய டயரால் இழந்த இழுவையைத் திரும்பப் பெற இவ்விகிதத்தை அதே விழுக்காடு உயர்த்த வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 4 என்பது 4.17 ஆக வேண்டும். அமெரிக்காவில் பிக்கப் வாங்குவோர், இழுக்கப்போகும் சுமைக்கேற்ப 3.55, 3.73 போன்ற விகிதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. இந்தியாவில் சிறு சரக்கு வண்டிகளுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளரே டயரையும் விகிதத்தையும் பொருத்தம் பார்த்து முடிவு செய்கிறார். இதனால் டயரை மட்டும் மாற்றுவது அந்தப் பொருத்தத்தைக் கெடுக்கிறது.

கையியக்கக் கியரும் தானியங்கிக் கியரும்

கையியக்கக் கியர்பெட்டியில் விசை இழப்பு குறைவு. விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு. எனவே இந்தியச் சிறு சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. நெரிசலில் தேய்வது கிளட்ச். களைப்பது ஓட்டுநரின் இடது கால்.

முறுக்குவிசை மாற்றி (டார்க் கன்வெர்ட்டர்) உள்ள தானியங்கிக் கியரில் கிளட்ச் மிதி இல்லை. புறப்படும் நேரத்தில் எஞ்சினின் முறுக்குவிசையை இம்மாற்றி பெருக்கித் தருவதால் சுமையுடன் நகர்வது எளிது. ஆனால் உள்ளிருக்கும் எண்ணெய் வழியாகவே விசை கடத்தப்படுவதால், பூட்டு விழும் வரை ஓரளவு ஆற்றல் வெப்பமாக வீணாகும். எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்த்தே அளவிடப்படுகின்றன என்பதற்கு, 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் சான்று. ஒரே 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் கையியக்க வடிவில் 420, தானியங்கி வடிவில் 500 நியூட்டன் மீட்டர் தருமாறு வரையறுக்கப்பட்டது.

மின்கல வண்டிகளில் நிலை வேறு. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே உச்ச முறுக்குவிசை தருவதால் ஓட்டுநர் கியர் மாற்றும் வேலையே இல்லை. 2022-இல் அறிமுகமான ஏஸ் இவி வண்டியின் மோட்டார் 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்டது. இத்தகைய வண்டியில் கீழ்க் கியருக்கு இறங்கிச் சமாளிக்க வழியில்லை. டயர் பெரிதானால் குறையும் இழுவை குறைந்ததே.

சட்டமும் பாதுகாப்பும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

டயரின் விட்டத்தைவிட அதன் சுமைக் குறியீடு உயிர் காக்கும் தன்மையில் முக்கியமானது. பார்வைக்குப் பெரியதாக இருந்தாலும், கார்களுக்கான டயர் எல்.டி. டயரின் சுமையைத் தாங்காது. வெயிலில் சூடேறி வெடிக்கக்கூடும். பெரிய டயர் பொருத்துவதால் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமையும் கூடுவதில்லை. ஸ்பிரிங், அச்சு, பிரேக் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன.

ஆகவே இழுவை போதவில்லை எனத் தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியவை காற்றழுத்தம், கிளட்ச், ஏற்றிய எடை ஆகியவை. இவை சரியாக இருந்தும் இழுவை போதாவிட்டால், அந்தச் சுமைக்கு உரிய வேறு வண்டியே தீர்வு. பெரிய டயர் அல்ல.