வீட்டுப் பட்டறை – 9: பிசிறு

சென்ற வாரம் கல்லைச் சமமாகப் பதித்து, கத்தியைச் சாய்வு மாறாமல் பிடிக்கும் இடம் வரை வந்திருந்தோம். 4 செ.மீ. அகலமுள்ள சமையல் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்த்திப் பிடித்தால் சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி. இதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவுகோல் தேவைப்படாது. அடுத்து எழுவது, எத்தனை முறை தேய்ப்பது என்ற கேள்வி.

இதற்கு எண்ணிக்கையில் விடை இல்லை. இருபது தேய்ப்பில் கூராகும் கத்தியும் உண்டு, இருநூறிலும் மசியாத கத்தியும் உண்டு. போதும் என்று சொல்ல வேண்டியது கத்திதான். அது சொல்கிற ஒரே வழி பிசிறு. கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது, எதிர்ப்பக்க விளிம்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு மெல்லிய உலோக மடிப்பு எழுகிறது. பட்டறைகளில் 'பிசிறு' என்றும் 'பர்' என்றும் சொல்வது இதைத்தான். கத்தி தீட்டும் கலையில் ஒரே ஒரு பாடத்தைத்தான் சொல்லித்தர முடியும் என்றால், நான் பிசிறைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதை எழுப்பவும், விரலால் அறியவும், முழுதாக நீக்கவும் தெரிந்தவருக்கு எந்தக் கல்லும் போதும்.

பிசிறு ஏன் எழுகிறது?

கத்தியின் கூர் என்பது இரண்டு சாய்தளங்கள் சந்திக்கும் கோடு. மழுங்கிய கத்தியில் அந்தக் கோடு தேய்ந்து உருண்டு கிடக்கும். நாம் தேய்க்கும்போது முதலில் சாய்தளத்தின் தோள்தான் கரைகிறது, விளிம்பை இன்னும் கல் தொடவே இல்லை. தொடர்ந்து தேய்த்து விளிம்பை எட்டும்போது, அங்கே உலோகம் மிக மெலிந்துபோகிறது. அந்த மெலிந்த பகுதி கல்லின் அழுத்தத்தைத் தாங்கி நின்று அறுபடுவதற்குப் பதிலாக, எதிர்ப்பக்கம் வளைந்து ஒதுங்குகிறது. அப்படி ஒதுங்கிய உலோகமே பிசிறு. ஆகவே பிசிறு எழுந்துவிட்டது என்றால், கல் விளிம்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். எழவில்லை என்றால் இதுவரை செய்ததெல்லாம் தோளைத் தேய்த்தது மட்டுமே.

இதை அறியக் கட்டைவிரலைக் கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்காக, மெதுவாக வெளியே தள்ள வேண்டும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஒருபோதும் ஓட்டக் கூடாது. தேய்த்த பக்கம் வழவழவென்று இருக்கும். மறுபக்கம் விரல் நுனியில் ஏதோ லேசாக மாட்டும். விரலை நம்ப முடியாதவர்கள் பஞ்சால் அதே திசையில் தடவிப் பார்க்கலாம். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கிக்கொள்ளும்.

கைப்பிடியோரம் தொடங்கி நுனி வரை பிசிறு தொடர்ச்சியாக எழ வேண்டும். பெரும்பாலும் நடுப்பகுதியில் சீக்கிரம் எழும். நுனி வளையும் இடத்தில் எழாது, ஏனென்றால் அங்கே கையை இன்னும் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். பிசிறு எழாத இடத்தை மட்டும் தேடித் தேய்த்து, முழு நீளத்துக்கும் வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். மறுபக்கமும் அதேபோல. அதன்பின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கடைசி இழுப்புகளில் கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கூடாது.

சாணை பிடித்த கத்தி ஏன் சீக்கிரம் மழுங்குகிறது?

சென்னை கோடம்பாக்கத்தின் உட்தெருக்களில் சைக்கிளில் சாணைக்கல் பூட்டி, "கத்தி... அருவாமனை... சாணை பிடிக்கிறது" என்று குரல் கொடுத்து வருபவர்களை இப்போதும் எப்போதாவது பார்க்க முடிகிறது. சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, மிதியால் கல்லைச் சுழற்றி, கையில் இரும்பைப் பிடித்துச் சாய்வு மாறாமல் காப்பது எளிய வேலை இல்லை. வாங்கும் கூலிக்கு அதிகமான திறமை அது. ஆனால் அவர்களிடம் தீட்டிய கத்தி இரண்டு நாளில் மழுங்கிவிட்டது என்ற குறை பல வீடுகளில் உண்டு. அந்தக் குறைக்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது பிசிறு. அது மிக மெல்லியது என்பதால் தாளை அறுக்கும், தக்காளித் தோலையும் முதல் நாள் அறுக்கும். சில நாள் பலகையில் மோதியதும் மடிந்து விளிம்பின் மேலேயே படுத்துக்கொள்ளும். நமக்குக் கத்தி மழுங்கிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அந்தக் கூர் கத்தியின் கூரே இல்லை, நீக்காமல் விட்ட பிசிறின் கூர். தெருவில் நின்று செய்யும் அவசர வேலையில் அதை முழுதாக நீக்க நேரம் கிடைப்பதில்லை.

இரண்டாவது சூடு. உலர்ந்த கல் வேகமாகச் சுழலும்போது பறக்கும் பொறி, உண்மையில் எரியும் இரும்புத் துகள். விளிம்பு மிக மெல்லியது, அதில் சேரும் சூடு ஓடிப்போக இடமில்லை. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல இரும்புகளின் கடினம் குறையத் தொடங்கும். 300 டிகிரியை நெருங்கினால் விளிம்பில் நீலம் தட்டும். நீலம் தட்டிய இடம் மென்மையாகிவிட்டது, அந்தப் பகுதியைத் தேய்த்து எடுத்தால்தான் பழைய உறுதி திரும்பும். அனுபவமுள்ளவர்கள் அடிக்கடி நீரில் தோய்த்து, லேசாகத் தொட்டுத் தொட்டு எடுப்பது இதனால்தான். வீட்டில் கையால் தீட்டும்போது இந்த ஆபத்து அறவே இல்லை. கல்லின் வேகம் நம் கையின் வேகம்தான்.

கல்லின் கதை

நாம் தேய்க்கும் கல்லே சென்னைக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் எட்வர்ட் குட்ரிச் அச்சிசன் 1891-இல் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்ததுதான் சிலிக்கன் கார்பைடு. கார்போரண்டம் என்று பெயரிட்டு 1893-இல் காப்புரிமை பெற்றார். 1954-இல் முருகப்பா குழுமம், அமெரிக்க, இங்கிலாந்து நிறுவனங்களுடன் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் கரகரப்பாகவும் மறுபக்கம் மென்மையாகவும் கிடைக்கும் 'காம்பினேஷன்' தீட்டுக்கல்லில் பெரும்பாலும் இருப்பது இந்தப் பொருள்தான்.

அதற்கும் வெகுகாலம் முன்பே நம்மிடம் குருந்தக்கல் இருந்தது. சேலம் வட்டாரத்திலும், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் சித்தம்பூண்டியிலும் அது கிடைக்கிறது. குருந்தத்தைப் பொடித்து, அரக்கோடு குழைத்து வார்த்ததே நம் பழைய சாணைச் சக்கரம். வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் கொண்ட இயற்கைக் கனிமம் அது. நம் கொல்லர்களும் தச்சர்களும் நல்ல இரும்பையும் அதை வெல்லும் கல்லையும் ஒரே மண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

தோலில் இழுப்பது

பிசிறின் கடைசித் துணுக்கைக் கல்லால் நீக்குவது கடினம். கல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் புதிய பிசிறைக் கொஞ்சமாவது எழுப்பிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் தோல். சலூன்களில் பாதி பிளேடு மாட்டும் கத்தி வருவதற்கு முன், நாற்காலியோரம் தொங்கிய தோல் வாரில் சவரக்கத்தியை முன்னும் பின்னும் இழுப்பார்கள். மூத்த வாசகர்கள் அந்த ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். கோடம்பாக்கம், வடபழனி ஸ்டுடியோக்களில் செட் போட்ட தச்சர்கள் போன்றவர்களுக்கு உள்ளங்கையே தோல் வார். உளியைத் தீட்டியதும் இரு முகத்தையும் உள்ளங்கையில் மாற்றி மாற்றி இழுத்துவிட்டுத்தான் மரத்தில் வைப்பார்கள். பழகாதவர்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

நமக்கு ஒரு பழைய தோல் பெல்ட் போதும். அதை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, சொரசொரப்பான பக்கம் மேலே வர, சமமான மரப்பலகையில் பசை போட்டு ஒட்டவும். எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பளபளப்பு ஏற்றப் பயன்படும் பச்சை பஃபிங் சோப்பை வாங்கி, தோலில் மெல்லியதாகப் பூசவும். பச்சை நிறத்தைத் தருவது குரோமியம் ஆக்சைடு. கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே வருமாறு மட்டுமே இழுக்க வேண்டும். கூர் முன்னே போனால் தோல் அறுபடும். தோல் அமுங்கும் தன்மையுள்ளது, ஆகவே அழுத்தினால் அது மேலெழுந்து கூரை உருட்டிவிடும்.

இதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன். 2004-இல் அவர் எழுதிய ஆய்வில், பல முறைகளில் தீட்டிய விளிம்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்துக் காட்டினார். வெறும் தோல் பெரிதாக எதையும் தேய்க்கவில்லை. குரோமியம் ஆக்சைடு பூசிய தோலோ பிசிறின் பெரும்பகுதியை நீக்கியது. இதே வெர்ஹோவன்தான், கத்திக் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயுடன் சேர்ந்து தென்னிந்திய மூசை உருக்கில் (மண் கலத்தில் உருக்கிய எஃகு) செய்த டமாஸ்கஸ் வாள்களின் அலைக்கோலத்தை ஆராய்ந்து, இரும்பில் மிகச் சிறு அளவில் கலந்த வனேடியம் போன்ற தனிமங்கள் அதற்குக் காரணம் என்று காட்டியவர்.

இரும்பும் பிசிறும்

எல்லா இரும்பிலும் பிசிறு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மலிவான எவர்சில்வர் கத்தியின் இரும்பு மென்மையானது. அதன் பிசிறு நீளமாக எழும், இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாயும், விடாமல் ஒட்டிக்கொள்ளும். நன்றாகச் சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கிய கார்பன் இரும்பில் பிசிறு குட்டையாக இருக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோல நாலைந்து இழுப்பில் ஒடிந்து விழும். தீட்டப் பழகுபவர்கள் கார்பன் இரும்பில் தொடங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டு மூசை உருக்கை ஐரோப்பியர் கொண்டாடியதற்கும் இந்தக் கடினமே அடிப்படை. நொய்யல் கரையின் கொடுமணலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவின் அகழாய்வு உலைகளைக் கண்டது. மேல்சிறுவளூரில் உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் மூசைகளைக் கண்டறிந்து ஆராய்ந்தார். 1795-இல் மருத்துவர் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டியில் இந்த உருக்கைப் பற்றிக் கட்டுரை படித்தார். அதை ஆசையோடு பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், அறுவை மருத்துவர்களுக்குக் கத்தி செய்துகொடுத்தவர். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து, நம் உருக்கின் தரத்தை எட்டும் கலவைகளைத் தேடிச் செய்த சோதனைகளை 1820-இல் வெளியிட்டார். மின்காந்தத்துக்காக உலகம் அறிந்த மேதை தன் இளமையில் தலையை உடைத்துக்கொண்டது நம் ஊர் உலையில் உருகிய இரும்போடு.

இன்று வீட்டில் கத்தி செய்ய விரும்புபவருக்கு எளிதில் கிடைப்பது லாரியின் கமான் பட்டை. திருப்பாச்சி அரிவாளுக்கும் இதுவே பெயர்பெற்ற மூலப்பொருள். அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். அடுக்குமாடியின் பால்கனியில் உலை மூட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பட்டையை அரத்தாலும் ரம்பத்தாலும் வடிவமைத்து, சூடேற்றித் தோய்க்கும் வேலையைக் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளிடம் விட்டுவிடலாம். தோய்ச்சல் முடிந்த இரும்பு கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடியது. அதை உடனே 200 டிகிரியில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்தால் கடினமும் உறுதியும் சேர்ந்து நிற்கும்.

சட்டத்தையும் மனதில் கொள்ளுங்கள். ஆயுத விதிகள் 2016-இன்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட வெட்டுப்பகுதி உள்ள கத்திகள் ஆயுத வகையில் சேரும். வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. தொடங்குபவருக்கு 5 அங்குலக் காய்கறிக் கத்தியே சரியான அளவு.

ஏன் இவ்வளவு சிரத்தை?

கூரான கத்திக்கு அழுத்தம் வேண்டியதில்லை, அழுத்தாத கை வழுக்குவதும் குறைவு. வெங்காயத்துக்கும் இது பொருந்தும். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், கூர் மழுங்கிய கத்தி வெங்காயத்தின் தோலை அழுத்தி, உள்ளே அழுத்தம் ஏற்றி, சாற்றைத் துளிகளாகப் பீய்ச்சுகிறது என்று கண்டார்கள். கூரான கத்தியால் மெதுவாக நறுக்கினால் துளிகள் வெகுவாகக் குறைகின்றன. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் நறுக்குகிற ஒவ்வொருவரின் கண்ணுக்கும் இது நேரடி நன்மை.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மழுங்கியதும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கும் பழக்கத்தில், நல்ல இரும்பை அடையாளம் காணும் அறிவையும் நாம் தூக்கிப் போடுகிறோம். அந்த அறிவு எவ்வளவு பழையது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடுத்தது எழும்பூர். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த இரும்புக் கருவிகள் அங்கே அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களும் விளிம்பைத் தேய்த்துக் கூராக்கியவர்களே. அவர்கள் விரலில் இருந்த அறிவு நம் விரலுக்கு வர ஒரு கல்லும், ஒரு பெல்ட் துண்டும், ஒரு வார மாலைகளும் போதும். இந்த வாரம் வீட்டில் இருப்பதிலேயே மோசமான கத்தியை எடுங்கள். கூராக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். கைப்பிடி முதல் நுனி வரை பிசிறை எழுப்புவதையும், அதை விரலால் கண்டுபிடிப்பதையும் மட்டும் செய்யுங்கள். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரும்.

(அடுத்த வாரம்: கைப்பிடிக்கு எந்த மரம்?)