சேஸிஸில் கை வைக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அதனால், பிக்கப் வண்டியின் நீளத்தைக் குறைக்க சேஸிஸை நடுவில் வெட்டி ஒட்டினால் போதும் என்று தோன்றலாம். ஆனால் வெட்டு ஓர் இடத்தில் விழுந்தாலும் விளைவு வண்டி முழுக்கப் பரவும். முன்பின் அச்சுகளின் இடைவெளி 3 மீட்டரிலிருந்து 2.5 மீட்டரானால், அதே கடுமையில் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரங்களுக்கு மாறும் எடை 20 சதவீதம் கூடும். பின்சக்கரம் எளிதில் வழுக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய், ஒயரிங் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

'நல்ல வெல்டிங் இரும்பைவிட வலுவானது' என்பார்கள். ஒட்டு வலுவாக இருக்கலாம். ஆனால் அதை ஒட்டிச் சூடேறிய பகுதியில் எஃகின் தன்மை மாறிவிடுகிறது. பாரமும் குலுக்கலும் தொடரும்போது விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். 'லாரிகளை நீட்டவும் குறைக்கவும் செய்கிறார்களே?' என்றால், முறையாகச் செய்பவர்கள் தயாரிப்பாளர் தரும் வரைபடத்தையும் வெட்டக்கூடிய இடங்களையும் பின்பற்றுகிறார்கள். ஒரகடத்திலேயே வாகனங்களைச் சோதிக்க உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அத்தகைய சோதனை எதையும் வீட்டு முற்றத்தில் செய்ய முடியாது.

'என் வண்டி, என் உரிமை' என்ற வாதமும் நிற்காது. சாலை எல்லோருக்கும் பொது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சிறிய வண்டி தேவையென்றால், சிறிய வண்டியையே வாங்குங்கள்.